கண்ணாடிக் குஞ்சுக்குள் காசநோய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நாகர்கோவிலில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வரிக்குதிரை மீன்களில் பாக்டீரியா நோய்களை ஆராய்ந்து வருகிறேன். அதைப் பற்றி நம் மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றில் சில.

மனிதனுக்கு வரும் காசநோயை விரல் நீள மீனில் ஆராய்ந்தால் என்ன தெரியும்? (தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நோய் நடப்பதையே கண்ணால் பார்க்கலாம், ஐயா. எலியின் நுரையீரலைப் பார்க்கப் பெரும்பாலும் எலியைக் கொன்றாக வேண்டும். அன்றைய நிலவரம் மட்டும் கிடைக்கும். இந்த மீனின் குஞ்சோ கண்ணாடி போன்றது. முட்டையிட்ட மறுநாளே இதயம் துடிப்பது தெரியும். மயக்கமருந்து கலந்த நீரில் குஞ்சைக் கிடத்தி, மிக மெல்லிய கண்ணாடி ஊசியால் வாலருகே உள்ள ரத்தக் குழாயில் கிருமி கலந்த நீர்மம் ஒரு நானோலிட்டர் செலுத்துவோம். மில்லிலிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது. கிருமி சிவப்பாகவும், அதை விழுங்க வரும் உடம்பின் காவல் செல்லான விழுங்கு செல் பச்சையாகவும் ஒளிரும்படி முன்பே மரபணு சேர்த்திருக்கும். நுண்ணோக்கியில் பச்சை ஒன்று கை நீட்டுவது போல நீண்டு, சிவப்புப் புள்ளியை வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பச்சைக்குள் சிவப்பு பெருகியிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும் காட்சி அது.

செலுத்துவது மனிதக் காசநோய்க் கிருமி அல்ல. அதன் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மரினம். மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயை இயல்பாகவே தருவது. பரோடாவில் மருத்துவம் படித்த லலிதா ராமகிருஷ்ணனின் குழு 2002இல் இதைக் கொண்டு, விழுங்கு செல்கள் கிருமியைச் சுற்றித் திரளும் கிரானுலோமா என்னும் கட்டி உருவாவதை உயிருள்ள குஞ்சிலேயே பார்த்தது. அந்தக் கட்டி கிருமியைச் சிறைவைக்கும் சுவர் என்றே நாங்கள் படித்திருந்தோம். 2009இல் அதே குழு கண்டது வேறு. தொடக்கத்தில் புதிய விழுங்கு செல்கள் கட்டிக்குள் வந்து, சாகும் செல்களைத் தின்னும்போது கிருமியையும் வாங்கிக்கொள்கின்றன. அவற்றில் சில வெளியேறி வேறிடத்தில் புதுக் கட்டியைத் தொடங்குகின்றன. சுவர் என்று நினைத்தது கிருமிக்கு வழியாகவும் இருந்திருக்கிறது.

மீன் வாழ்வது 28 டிகிரியில்; நம் உடம்பு 37 டிகிரி. முடிவுகள் பொருந்துமா? (மார்த்தாண்டம்)

எல்லாம் பொருந்தாது. 37 டிகிரியில் தன் குணத்தைக் காட்டும் கிருமி 28இல் வேறு மாதிரி நடக்கலாம். மீனுக்கு நுரையீரலும் இல்லை. குஞ்சுக்கு முதல் சில வாரங்கள் பிறவி எதிர்ப்புச் சக்தி மட்டுமே இருக்கும். தடுப்பூசி நம்பியிருக்கும், கிருமியை நினைவில் வைக்கும் எதிர்ப்புச் சக்தி பிறகுதான் வரும். ஆகவே தடுப்பூசி பற்றிக் குஞ்சிடம் கேட்க முடியாது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை உண்டு என்று 2013இல் வெளியான மரபணுத் தொகுதி காட்டியது. அந்த எண்ணை வைத்து மீனில் கண்டதெல்லாம் மனிதனுக்கும் ஆகும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மீனில் கண்டதை மனிதத் திசுவிலும் நோயாளிகளிடமும் சரிபார்க்க வேண்டும்.

குளச்சலில் மீன் விற்கிறேன். கெளிற்று முள் குத்திய விரலில் ஒன்றரை மாதமாகச் சிவந்த கட்டி; மாத்திரைக்கு ஆறவில்லை. மீன் காசநோய் என்கிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒட்டிக்கொள்ளுமா?

அம்மா, முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள். மீன் தொழில் செய்வதையும் முள் குத்தியதையும் நீங்களே சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மரினம் அவர் நினைவுக்கு வராமலே போகலாம். கட்டியில் சிறு துண்டெடுத்து 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும். 37இல் மட்டும் வைத்தால் வளராமல் ஏமாற்றிவிடும். உள்ளுடம்பின் சூடு ஒத்துக்கொள்ளாததால்தான் இந்தக் கிருமி பெரும்பாலும் கை, கால் தோலோடு நின்றுவிடுகிறது. மரினம்தான் என்றால் பேரப்பிள்ளைகளுக்கு உங்களிடமிருந்து தொற்றாது. சில மாதங்கள் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும், பாதியில் விடாதீர்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். முள் குத்திய ஒரே நாளில் கை வீங்கி, கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் அது கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமியாக இருக்கலாம். யாராக இருந்தாலும், குறிப்பாகச் சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வாயில்லாத உயிருக்கு நோயை ஏற்றுவது பாவம் இல்லையா? (தோவாளை)

இந்தக் கேள்வி எனக்கும் உண்டு. நம் நாட்டில் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். தானாக இரை தேடத் தொடங்காத குஞ்சை ஐரோப்பியச் சட்டம் ஆய்வு விலங்குக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். தேவைக்கு மேல் ஒன்றைக்கூட எடுப்பதில்லை. துன்பம் தெரியும் முன்பே மயக்கமருந்தால் முடித்துவிடுகிறோம்.

எம்.எஸ்சி. மாணவி நான். அலங்கார மீன் கடையில் வாங்கித் தொடங்கலாமா? (கருங்கல்)

வளர்த்துப் பழக வாங்கலாம். தொற்று ஆய்வுக்கு வேண்டாம். நானும் அப்படித் தொடங்கியவன்தான். மீன்கள் முதுகு வளைந்து மெலிந்தன. நாங்கள் ஊசி போடும் முன்பே தொட்டியில் மரினம் குடியிருந்தது. நான்கு மாத வேலையைக் கொட்டிவிட்டேன்.

முட்டை எடுக்கப் பழகுங்கள். 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. தாய் மீனே முட்டையைத் தின்றுவிடும். அதனால் முந்தின இரவே தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பிவையுங்கள். விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் கடுகளவு முட்டைகள் அவற்றின் இடுக்கில் விழுந்து கிடக்கும். உறிஞ்சியெடுத்து, வெள்ளையாகிப்போனவற்றை உடனே நீக்குங்கள்; விட்டால் பூஞ்சை பிடித்து மற்றதும் கெடும். நாகர்கோவில் சூட்டுக்கு எனக்குப் பெரும்பாலான மாதங்களில் ஹீட்டர் தேவைப்பட்டதில்லை.