சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லை, உயரத் தரவை மாற்றினால் ஏன் மாறுகிறது?

ஒரே ஓடைக்கு இரண்டு உயரத் தரவுகளைக் கொண்டு நீர்ப்பிடிப்புப் பகுதியை வரைந்தால் எல்லைகள் ஒத்துப்போகவில்லை, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சிறிய பரப்பில் இப்படித்தான் நேரும்.

40 ஹெக்டேர் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத் தரவு நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரத்தைத் தரும். கட்டத்தின் பக்கம் 30 மீட்டராக உள்ள தரவில் அந்தப் பகுதிக்குள் ஏறத்தாழ 440 கட்டங்களே அடங்கும். அது வட்டமாக இருப்பதாகக் கொண்டாலும் சுமார் 75 கட்டங்கள், அதாவது ஆறில் ஒரு பங்கு, எல்லையிலேயே அமைந்துவிடும். 400 சதுர கிலோமீட்டர் படுகையில் இந்தப் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. ஆகவே எல்லையாக அமையும் முகட்டுக் கோடு ஒரு கட்டம் தள்ளிப்போனால் பெரிய ஆற்றின் கணக்கு அசையாது. சிற்றோடைக்கோ பரப்பும், அதை வைத்துக் கணக்கிடும் வெள்ள அளவும் மாறிவிடும்.

கட்டத்தின் அளவைவிட, கருவி எதை அளந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். எஸ்ஆர்டிஎம் என்ற 30 மீட்டர் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது. அடர்ந்த காட்டில் அந்த அலை தரையை முழுவதும் எட்டாமல் கிளைகளுக்கிடையிலிருந்தே திரும்பிவிடும். அதற்குப் பிந்தைய ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் 30 மீட்டர் தரவிலும் மரங்களும் கட்டடங்களும் நிலத்தின் உயரத்தோடு சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. மென்சரிவில் நிற்கும் ஒரு தோப்பு, இல்லாத முகடாகத் தோன்றி நீரைத் திருப்பிவிட இதுவே போதும். சமவெளியில் நிலைமை இன்னும் மோசம்: எஸ்ஆர்டிஎம் உயரங்கள் முழு மீட்டர்களில் தரப்படுவதால், ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு மீட்டர் இறங்க முப்பதுக்கும் மேற்பட்ட கட்டங்களைக் கடக்க வேண்டும், இடையில் நீரின் திசையைத் தீர்மானிப்பது நிலம் அன்று, தரவின் இரைச்சலும் (தற்செயலான சிறு பிழைகளும்) மென்பொருளின் விதியும்தான்.

அப்படியானால் விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளந்த, ஒரு மீட்டர் கட்டமுள்ள லிடார் தரவு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒருமுறை அதைக் கொண்டு வரைந்தபோது, ஓடை ஒரு சாலைக் கரையில் முட்டி, கரையோரமாகவே சென்று பக்கத்து ஓடையில் கலந்ததாக வரைபடம் காட்டியது. நேரில் போய்ப் பார்த்தால், புல் மூடிய நிலையில் கரைக்கு அடியில் இரண்டு குழாய்கள் இருந்தன. மேலிருந்து அளக்கும் கருவிக்கு அவை தெரிய வழியில்லை. நீர் வெளியேற வழியில்லாத பள்ளங்களை நிரப்பும் மென்பொருளின் கட்டம், கரைக்குப் பின்னால் இல்லாத குளத்தை உருவாக்கி, நீரை வேறு பக்கம் வழியவிட்டிருந்தது. குழாய் இருந்த இடத்தில் தரவில் கரையை வெட்டிய பிறகே பரப்பில் மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. 30 மீட்டர் தரவில் அந்தக் குறுகிய கரை சராசரியில் கரைந்துபோயிருந்ததால், அந்தத் தரவு அந்த ஓர் இடத்தில் தற்செயலாகச் சரியாக இருந்தது.

எனவே உங்கள் இரண்டு எல்லைகளில் ஒன்றை அப்படியே ஏற்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவை பிரியும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அங்கே தோப்பு, கரை, குழாய்ப் பாலம், வாய்க்கால் எது இருக்கிறது என்று நடந்து பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும்போதே செல்லுங்கள்.