ஒன்பது நாள் குளிக்காமல் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, ஊர் காரைக்குடி. வருடந்தோறும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவன். மகன் ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறான். வரும் ஆகஸ்டில் ஸ்வீடனின் வடக்கே சாரெக் என்ற மலைப்பகுதியில் ஒன்பது நாள் நடக்கலாம், வாருங்கள் அப்பச்சி என்று கூப்பிடுகிறான். வழியில் கடை, ஊர், தங்குமிடம் எதுவும் கிடையாதாம். சாப்பாடு முழுக்க முதுகில்தான். நடையில் எனக்குப் பயமில்லை. இரண்டு வேளை குளித்துப் பழகிய உடம்பு குளிக்காமல் எப்படி இருக்கும் என்பதுதான் கவலை. போன தைப்பூசத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அரிப்பு வந்தது. மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்டால் போகிறது, விட்டால் வருகிறது. வெட் வைப்ஸ் எத்தனை பாக்கெட் எடுத்துப் போகலாம்? உடுப்பு எத்தனை? நாலு வருடமாகச் சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறேன். கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு மாத்திரைப் பெயரை எழுதியிருக்கிறீர்கள். குளியலை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த மாத்திரை.

டாபாகிளிஃப்ளோசின் நல்ல மருந்து. ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அதனால் நன்மை உண்டு. ஆனால் சிறுநீரில் சர்க்கரை இறங்கினால், அது பட்டு ஈரமாக நிற்கும் தோலில் பூஞ்சை சுலபமாக வளரும். வீட்டில் இரண்டு வேளை குளிக்கிறவருக்கே இந்தத் தொந்தரவு வருகிறது. நாள் முழுக்க வியர்வையோடு நடக்கிறவருக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

“இடுப்புக்குக் கீழே” என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆச்சிமார் என்றால் “அந்த இடத்துல” என்பார்கள். கூச்சம் புரிகிறது, ஆனால் வைத்தியத்துக்கு அது போதாது. முன்தோலுக்கு அடியில் சிவந்து, வெள்ளையாகப் பொடிப்பொடியாகப் படிந்து எரிந்தால் அது கேண்டிடா பூஞ்சை. அதற்கும் உங்கள் மாத்திரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தொடை இடுக்கில் வட்டமாக, விளிம்பு தடித்து, நடுப்பகுதி தெளிந்தாற்போல் பரவினால் அது படர்தாமரை. ஓரம் இல்லாமல், உராய்ந்த இடம் மட்டும் சிவந்து தோல் கழன்றால் வெறும் உராய்வுப் புண். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மருந்துக்கடை க்ரீம் மூன்றையும் ஒரே மாதிரி அமுக்கிவிடும். “போட்டால் போகிறது, விட்டால் வருகிறது” என்ற வரியைப் படித்ததுமே அதற்குள் ஸ்டீராய்டு இருக்கும் என்றுதான் தோன்றியது. ட்யூபை எடுத்துப் பாருங்கள்: குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சை அடங்காது, எதிர்ப்பில்லாமல் அடியில் பரவும், வட்டத்தின் உருவமும் கலைந்துபோகும். பிறகு தோல் மருத்துவரே ஒருகணம் குழம்புவார். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக இந்தியா முழுக்கப் படர்தாமரை பிடிவாதமாக மாறியிருக்கிறது, வழக்கமான மருந்துக்குப் பணியாத ஒரு வகையும் பரவியிருக்கிறது. இந்தக் கலவை க்ரீம்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இன்றோடு அதை நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடும். அந்த நிலையிலேயே வந்து காட்டுங்கள், அப்போதுதான் நோய் தன் உருவத்தில் தெரியும்.

மாத்திரை விஷயத்தில் அரிப்பை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. பசியோடு, தண்ணீர் குறைவாகக் குடித்து, பல மணி நேரம் உழைக்கும்போது இந்த வகை மருந்துகள் ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தைச் சேர விடலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி 2015-லேயே எச்சரித்தது. சாதாரணமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று ஏறியிருக்கும். இந்த மாத்திரையில் அப்படி ஏறாமலே அமிலம் சேரலாம். குளுக்கோமீட்டர் 160 காட்டும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, காரணமில்லாத மூச்சு வாங்கல் இவைதான் அடையாளம். கூடாரத்துக்குள் இதெல்லாம் வந்தால் “சாப்பாடு ஒத்துக்கலை” என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பெரிய அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தச் சொல்வது வழக்கம். இப்படி ஒரு நடைக்கும் அதே மாதிரி யோசிக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம், உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். பதிலுக்கு அவர் கிளிமெபிரைடு எழுதினால், தினமும் ஏழெட்டு மணி நேரம் மூட்டையோடு நடக்கப்போவதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரையில் நடுவழியில் சர்க்கரை இறங்கிவிடும் அபாயம் உண்டு.

இனி குளியல். ஒன்பது நாள் தலைக்கும் முதுகுக்கும் தண்ணீர் படாவிட்டால் நாற்றம் வரும், நோய் வராது. மகனும் அதே நாற்றத்தில்தான் இருப்பார். பழனிப் பாதையில் தங்கும் ஊரெல்லாம் குழாயடியும் கிணறும் உண்டு. சாரெக்கில் குறுக்கே ஓடும் ஆறெல்லாம் பனியாற்றுத் தண்ணீர். இறங்கிக் குளித்துப் பார்க்கலாம் என்ற ஆசையே வேண்டாம், உடம்பு விறைத்துவிடும். தினமும் கட்டாயம் சுத்தமாக வேண்டியவை நான்குதான்: கை, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பாதம்.

சாயங்காலம் கூடாரம் போட்டதும் ஒரு செம்பு அளவு தண்ணீரைச் சமையல் பாத்திரத்தில் வெதுவெதுப்பாக்குங்கள். ஒரு மெல்லிய பருத்தித் துண்டை இரண்டாகக் கிழித்து, ஒன்றின் ஓரத்தில் கறுப்பு நூலால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். அடையாளம் இல்லாதது முகம், கழுத்து, அக்குளுக்கு. அடையாளம் போட்டது கீழ்ப்பகுதிக்கு. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரால் கழுவினால் போதும், அங்கே சோப்பு வேண்டாம். பிறகு இடுக்கு, கடைசியில் பாதம். முடிந்ததும் ஒற்றி எடுத்து, இரண்டு நிமிடம் காற்று படவிட்டு, உலர்ந்த கைலியைக் கட்டிக்கொண்டு தூங்கும் பைக்குள் போங்கள். இரவில் உள்ளாடை வேண்டாம். பூஞ்சைக்கு அழுக்கை விட ஈரம்தான் ஆகாரம். சுத்தமாகக் கழுவி ஈரத்தோடு உடுத்துகிறவருக்கு, கழுவாமல் உலர்ந்து இருக்கிறவரை விட அரிப்பு அதிகம் வரும்.

வெட் வைப்ஸ் ஒரே ஒரு சின்ன பாக்கெட், மழையில் தண்ணீர் சுடவைக்க முடியாத நாளுக்கு. அதன் எடையே ஈரம்தான். தவிர, பெரும்பாலானவை மட்காது, பயன்படுத்தியதையெல்லாம் திரும்பச் சுமக்க வேண்டும். சோப்பு எந்த வகையானாலும் ஓடைக்குள் கூடாது, ‘இயற்கைச் சோப்பு’ என்று எழுதியிருந்தாலும். தண்ணீரை மொண்டுகொண்டு 60 மீட்டராவது தள்ளிப் போய்க் கழுவுங்கள்.

மலம் கழிக்கவும் அதே 60 மீட்டர் கணக்குதான். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரர்களை விட நம் பழக்கம் மேல்: ஒரு பாட்டில் தண்ணீரில் கழுவிக்கொண்டால் சுமக்கவோ புதைக்கவோ காகிதம் இல்லை, தோலும் உரியாது. மூடியில் துளை போட்ட சின்ன பாட்டில் போதும். ஆனால் அதற்குப் பிறகு கைக்குச் சோப்பு போட்டே ஆக வேண்டும், 20 விநாடி, நகக்கண் உட்பட. நம் கடைகளில் விற்கும் பேப்பர் சோப்பு இதற்கென்றே செய்தது போல இருக்கும். சானிட்டைசர் இதற்குப் பதிலாகாது. வாந்தி-பேதி கொண்டுவரும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்படிப் பயணங்களில் வயிற்றுப்போக்குக்கு ஓடைத் தண்ணீரைத்தான் எல்லோரும் பழிப்பார்கள். பாதி நேரம் குற்றவாளி உடன் வந்தவரின் கை என்பது என் சந்தேகம். சீடை டப்பாவுக்குள் இருவரும் மாறி மாறிக் கைவிட்டால் ஒருவர் வயிற்றில் இருப்பது மற்றவருக்குப் போய்ச் சேரும். டப்பாவைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டிக்கொள்ளுங்கள். அப்பச்சியும் மகனும்தானே என்ற சலுகை இதில் கிடையாது.

தண்ணீர்: அங்கே பலரும் ஓடையிலிருந்து அப்படியே குடிக்கிறார்கள். நீங்கள் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடியுங்கள், இந்த மாத்திரையோடு பேதியும் சேர்ந்தால் தாங்காது. மெல்லிய குழாய்கள் அடுக்கிய வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே கிழிந்துவிடும், வெளியே தெரியாது. இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டருக்கும் அங்கேதான் இடம். குளிரில் பிழை காட்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறாவது வேண்டும், ஒன்றுக்கு ஒரு லிட்டர்.

பாதம்தான் எனக்கு நிஜக் கவலை. தைப்பூசம் முடிந்த வாரம் இங்கே மருத்துவமனைகளில் கால்களாகத்தான் பார்ப்போம். கொப்புளத்தில் ஊசி-நூல் கோத்து, நூலை உள்ளேயே விட்டு நடந்து வருவார்கள். அந்த நூல் வழியாகத்தான் சீழ் பிடிக்கும். வெறுங்காலோடு பழகிய தடித்த குதிகால் உங்களுக்குத் தைரியம் கொடுக்கும். சர்க்கரைக்காரருக்கு அந்தத் தைரியம் ஆகாது. சாரெக்கில் குறியிட்ட பாதையும் பாலமும் அரிது, ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஜோடி லேசான பிடிமானச் செருப்பு எடுத்துப்போங்கள், வெறுங்காலோடு இறங்காதீர்கள். கடந்ததும் விரலிடுக்கைத் துடைத்து, உலர்ந்த காலுறை. கம்பளி நூலில் மூன்று ஜோடி போதும்: இரண்டு நடைக்கு, ஒன்று தூங்க மட்டும். தூங்குகிற ஜோடியை எந்தச் சூழ்நிலையிலும் வெளியே போடாதீர்கள். வெடிப்புக்குக் குதிகாலில் வாசலின் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. இரவில் செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பாருங்கள், மகனுக்கும் காட்டுங்கள். குளிரென்று அடுப்பருகே காலை நீட்ட வேண்டாம். உணர்வு குறைந்த காலில் தீக்காயம் பட்டதே தெரியாது.

கிளம்பும் முன் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் பல இடம் தொட்டுப் பார்ப்போம். ஐந்து நிமிட வேலை. அதில் தொட்டது தெரியவில்லை என்றால் சாரெக் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மகனைப் பொழுது விடிந்தால் கடையைப் பார்க்கக்கூடிய பாதையாகத் தேடச் சொல்லுங்கள்.

உடுப்பு சுருக்கமாக: உள்ளாடை மூன்று, செயற்கை நூலோ மெரினோ கம்பளியோ. ஒன்று உடம்பில், ஒன்று கழுவி மூட்டை மேல் காய, ஒன்று கையிருப்பு. தொடை வரை இறங்கும் நீளமானது என்றால் உராய்வு குறையும். பருத்தி பனியன் நம் வெயிலுக்கு அமிர்தம், அந்தக் குளிரில் நனைந்தால் ஆபத்து.

சாப்பாடு நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஆச்சி சும்மா இருக்க மாட்டார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 700 கிராம் என்றால் ஒன்பது நாளுக்கு ஆறு கிலோவுக்கு மேல். அவல், பருப்புப் பொடி, வறுத்த கடலை, தேன்குழல் எல்லாம் சரி. உப்புக்கண்டம் வேண்டாம், வெளிநாட்டு இறைச்சிப் பொருளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள், விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் மாவுருண்டையை எடுக்காதீர்கள், அதிலுள்ள நெய் வேலையைத் தாமதமாக்கும். குளுக்கோஸ் பொடி 15 கிராம், மூன்று தேக்கரண்டி, சட்டைப் பையிலேயே இருக்கட்டும், அதற்கப்புறம் மாவுருண்டை.

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி வீங்கி, தாங்கமுடியாத வலியோடு காய்ச்சல் வந்தால் அது சாதாரண அரிப்பு இல்லை. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அபூர்வமாக அப்படி ஒரு திசு அழுகல் வருவதாக 2018-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. அங்கே பெரும்பகுதியில் செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவி ஒன்றை மகன் வாடகைக்காவது எடுக்கட்டும். உங்கள் நோயையும் மாத்திரைப் பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைக்கட்டும்.

படர்தாமரையாக இருந்தால் இப்போதெல்லாம் நாலு முதல் ஆறு வாரமாவது மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது, சிலருக்கு அதற்கும் மேல். அரிப்பு நின்ற பிறகும் மருந்தை விடக்கூடாது. ஆகஸ்டில் பயணம் என்றால் ஜூன் முதல் வாரத்துக்குள் மருந்து தொடங்கியிருக்க வேண்டும். வரும்போது அந்த க்ரீம் ட்யூபையும் கையோடு கொண்டு வாருங்கள்.