அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் போலீஸ் சீஃப் ஆவது: கேள்வி பதில்

டாலஸ் வாசகர்: கல்லூரிக்கு எதற்குத் தனிப் போலீஸ்? வாட்ச்மேன் போதாதா?

வாட்ச்மேனுக்குக் கைது செய்யும் போலீஸ் அதிகாரம் கிடையாது, இவர்களுக்கு உண்டு. யேல் பல்கலைக்கழகம் 1894-லேயே நியூ ஹேவன் நகரக் காவலர் இருவரை வைத்துத் தொடங்கிவிட்டது. 1966-இல் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து ஒருவன் சுட்டுப் பலரைக் கொன்றான். மறு வருடமே மாநிலச் சட்டம் அங்கே தனிப் போலீஸுக்கு அதிகாரம் கொடுத்தது.

மகனுக்கு இதில் ஆசை. படிப்படியாகச் சொல்லுங்களேன்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். 21 வயது நிரம்ப வேண்டும். பின்னணி விசாரணையில் பழைய வேலை, கடன், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் துருவுவார்கள். பிறகு மருத்துவ, மனநலச் சோதனை. அகாடமிப் பயிற்சி குறைந்தது 664 மணி நேரம். அது முடிந்ததும் மூத்த அதிகாரியோடு ரோந்து வண்டியில் சில மாதம் களப்பயிற்சி. நன்றாகப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுக்கிவிழுவது பெரும்பாலும் இங்கேதான்: ரேடியோவைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டி, அன்றைய அறிக்கையையும் அன்றே எழுதி முடிக்க வராது.

அப்புறம் சார்ஜென்ட், லெஃப்டினென்ட், கேப்டன், துணை சீஃப். சீஃப் பதவி விளம்பரங்களில் இளங்கலைப் பட்டம் கேட்பார்கள், முதுகலை இருந்தால் முன்னுரிமை. குவான்டிகோவில் எஃப்.பி.ஐ. நேஷனல் அகாடமியின் 10 வாரப் படிப்புக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் நாமாகப் போய்ச் சேர முடியாது, துறை பரிந்துரைக்க வேண்டும்.

தேர்வுக் குழுவில் பேராசிரியர், மாணவர், விடுதி நிர்வாகி எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் கைது எண்ணிக்கையை அடுக்கினால் வேலை போச்சு. நள்ளிரவில் தற்கொலை எண்ணத்தோடு ஒரு மாணவி அழைத்தால் யாரை அனுப்புவீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வேண்டும். வளாகத்தில் நடக்கும் குற்றங்களைக் கணக்கெடுத்து வெளியிடச் சொல்லும் கிளெரி சட்டம் தெரியாமல் அந்த அறைக்குள் போகவே கூடாது.

நகரப் போலீஸில் கேப்டனாக இருப்பவர் இங்கே ஏன் வருகிறார்?

ஓய்வூதியத் திட்டம் வேறாக இருக்கும் இடங்களில் பழைய பென்ஷனும் புதுச் சம்பளமும் சேர்ந்தே வரும். பல பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பணத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது: குடித்துவிட்டு ரகளை செய்த 19 வயதுப் பையனை ஜெயிலுக்குப் பதில் டீனிடம் அனுப்பிவைக்கும் சுதந்திரம்.

சான் ஹோசே வாசகர்: எப்படியானாலும் கொலை வழக்கு பார்த்த நகரத்து ஆள்தான் சீஃபாக வேண்டும். வளாகத்திலேயே வளர்ந்தவருக்கு அனுபவம் போதாது.

ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளெரி சட்டம் 1990-இல் வந்தது. 1986-இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி கொலையானதுதான் காரணம். பாதிக்கப்பட்டவர் வழக்கு வேண்டாம் என்றாலும், விளையாட்டுப் பயிற்சியாளரிடம் மட்டும் சொல்லியிருந்தாலும், அந்தக் குற்றம் கணக்கில் ஏற வேண்டும். ‘வழக்கு இல்லை, அதனால் கணக்கும் இல்லை’ என்று விடுவது நகரத்துப் பழக்கம். லிபர்ட்டி பல்கலைக்கழகம் கிளெரி மீறல்களுக்காக 2024-இல் 1.4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

மறுபடியும் சான் ஹோசே: அதெல்லாம் குமாஸ்தா வேலை. துப்பாக்கிச் சூடு நடந்தால்?

அப்போதும் அந்தக் ‘குமாஸ்தா வேலை’தான். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், 2007 ஏப்ரல் 16: காலை 7.15 வாக்கில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். தனிப்பட்ட தகராறு என்று எண்ணிப் போலீஸ் அந்தத் தடத்திலேயே போனது. வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. சிறிது நேரத்தில் நாரிஸ் ஹாலில் மேலும் 30 பேர் கொல்லப்பட்டார்கள். 2008-இல் சட்டம் திருந்தியது: உடனடி ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி எச்சரிக்கை போக வேண்டும். அந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை அனுப்ப யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதைச் சேர்ந்த முதல் வாரமே தீர்த்துவைக்காத சீஃப், எத்தனை கொலை வழக்கு பார்த்திருந்தும் பயனில்லை. துணைத்தலைவர் கூட்டத்தில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை என்றால் பணியிலிருக்கும் சார்ஜென்டே அனுப்பலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

போராட்டம் வந்தால்?

கலிஃபோர்னியாவின் யூ.சி. டேவிஸ் பல்கலைக்கழகம், 2011: போராட்டத்தில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் மேல் போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. மறு வருடம் சீஃப் பதவி விலகினார். போராட்டக்காரர்களின் கூடாரத்தை எப்போது, எதற்காக அகற்றுவது என்று மேலிடத்தின் உத்தரவை எழுத்தில் வாங்காமல் ஆளை இறக்காதீர்கள்.

வாட்ச்மேன் மாதிரிதானே சார்?

இல்லை, முதல் பதிலைப் பாருங்கள்.

துப்பாக்கி வைத்திருப்பார்களா? கைது செய்யலாமா?

பெரும்பாலும் ஆம். கைதுக்கு, மறுபடி முதல் பதில்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். சேரலாமா?

அதிகாரியாக முடியாது. பல மாநிலங்கள் குடியுரிமை கேட்கும். கலிஃபோர்னியா அதைத் தளர்த்தியிருக்கிறது, ஆனாலும் முழுநேர வேலை அனுமதி வேண்டும். பல வளாகங்களில் இரவு நேரத்தில் மாணவர்களுக்குத் துணையாக நடந்து போகும் பகுதிநேர வேலை இருக்கும், பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை. சேர்ந்தால், அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டிய கிளெரி ஆண்டறிக்கையை யார் தயாரிக்கிறார் என்று விசாரித்து, அவருக்குக் கைகொடுங்கள்.