டிராவல் டிரெய்லரில் கறுப்பு வயரை பேட்டரியின் எதிர்முனையில் பொருத்தலாமா?

பொருத்தாதீர்கள். மற்ற விளக்கமெல்லாம் பிறகு.

அமெரிக்காவில் பழைய டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்கியிருப்பதாகவும், அதன் முன்பக்கத்தில் இரண்டு பேட்டரிகளும் கறுப்பும் வெள்ளையுமாகச் சில வயர்களும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கார் பார்த்துப் பழகியவர்களுக்குக் கறுப்பு என்றாலே எதிர்முனைதான். ஆனால் அந்நாட்டு டிரெய்லர்களின் 12 வோல்ட் வயரிங்கில் பெரும்பாலும் கறுப்புதான் நேர்முனை, வெள்ளை எதிர்முனை. மாற்றிப் பொருத்தினால் கன்வர்ட்டரில் (வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பெட்டி) அதற்கென்றே வைத்திருக்கும் ஃபியூஸ்கள் அந்த நொடியே போய்விடும். பல டிரெய்லர்களில் 30 அல்லது 40 ஆம்பியர் ஃபியூஸ்கள் இரண்டு அருகருகே இருக்கும். அவற்றோடு சேதம் நின்றுவிட்டால் அதிர்ஷ்டம்.

பழைய வண்டி என்பதால் நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த வயரை ஒட்டுப்போட்டிருக்கலாம். வெள்ளை வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள்; அது டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தால் அதுதான் எதிர்முனை. இன்னும் உறுதி வேண்டுமென்றால், பேட்டரிகளை முழுவதும் கழற்றிவிட்டு, வயர் நுனிகள் ஒன்றையொன்றோ சட்டத்தையோ தொடாமல் விலக்கி வைத்து, டிரெய்லரை 120 வோல்ட் மின்சாரத்தில் இணையுங்கள். பொதுவாகக் கன்வர்ட்டர் அந்த நுனிகளுக்குச் சுமார் 13.6 வோல்ட் அனுப்பும். மல்டிமீட்டரின் (வோல்ட் அளக்கும் கருவி) கறுப்பு முனையைச் சட்டத்தின் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பாருங்கள். 13.6 காட்டுவது நேர்முனை வயர். உடனே அதில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். பேட்டரியை மாட்டுமுன் மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

அடுத்து பேட்டரியின் லேபிளைப் படியுங்கள். 6 வோல்ட் என்றிருந்தால் தொடரிணைப்பு: ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு கேபிளால் சேர்த்துவிட்டு, மிச்சமுள்ள இரு முனைகளில் டிரெய்லர் வயர்களை மாட்ட வேண்டும். 12 வோல்ட் என்றிருந்தால் பக்க இணைப்பு: நேரோடு நேர், எதிரோடு எதிர். டிரெய்லரின் நேர்முனை வயரை ஒரு பேட்டரியிலும், எதிர்முனை வயரை மற்றதிலும் பொருத்துங்கள். அப்போதுதான் இரண்டும் ஏறக்குறைய சமமாக உழைக்கும். 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் கிளம்பி, விளக்கிலிருந்து தண்ணீர் பம்ப் வரை எல்லாவற்றையும் பாழாக்கும்.

கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். நேர்முனையை முடுக்கும் ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி வராது.

அந்தக் கொத்தில் மெல்லிய வயர் ஒன்று தனியாக நேர்முனைக்குப் போகிறதா என்று பார்த்தீர்களா? அது பிரேக்அவே ஸ்விட்சுக்கான வயராக இருக்கலாம். ஓடும்போது டிரெய்லர் இழுவை வண்டியிலிருந்து கழன்றால், இழுவை வண்டியில் கட்டிய ஒரு கம்பி இந்த ஸ்விட்சின் ஊசியைப் பிடுங்கும். உடனே பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து டிரெய்லரின் பிரேக்குகள் பிடிக்கும். பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்சுக்குப் பின்னால் இந்த வயரை ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். அந்த ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் பிரேக் பிடித்தாக வேண்டும். வேலை முடிந்ததும் துண்டிப்பு ஸ்விட்சை அணைத்து, இழுவை வண்டியின் ஏழு முள் பிளக்கைக் கழற்றி, ஊசியை உருவிவிட்டு, இழுவை வண்டியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். டிரெய்லர் சக்கரங்கள் இறுகி நிற்க வேண்டும். பார்த்தவுடன் ஊசியைத் திரும்பச் செருகிவிடுங்கள். சக்கரங்கள் தாராளமாக உருண்டால், அதைச் சரிசெய்யும்வரை அந்த டிரெய்லரைச் சாலையில் இழுக்காதீர்கள்.