கண்ணாடிக்கு ஆன்டி கிளேர்: வீட்டில் மூவருக்கும் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் ஸ்கூட்டரில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக சத்துவாச்சாரியில் உள்ள வீட்டுக்குத் திரும்புவேன். இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் 4.50. இந்த மாதம் எனக்கும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும், 68 வயது மாமியாருக்கும் கண்ணாடி வாங்க வேண்டும். மகனுக்கு மைனஸ் 1.25, இதுதான் முதல் கண்ணாடி. மாமியாருக்குப் படிக்க மட்டும், பிளஸ் 2.50.

லாங் பஜாரில் ஒரு கடையில் விசாரித்தோம். எனக்கு 1.6 இன்டெக்ஸ் மெல்லிய லென்ஸ் சாதாரணமாக 1,800 ரூபாய், லென்ஸில் ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் ஆன்டி கிளேர் கோட்டிங்குடன் 3,000, நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட்டும் சேர்த்தால் 4,200. மகனுக்கு அதே வரிசையில் 700, 1,500, 2,300. மாமியாருக்கு 600, 1,400, 2,200. மூவருக்கும் எல்லாம் சேர்த்து எடுத்தால் 8,700க்குப் பதிலாக 7,999 என்றும் மூன்று தவணையில் கட்டலாம் என்றும் சொல்கிறார்கள். ஃபிரேம் தனி. மாமியாருக்குச் சில மாதங்களாக விளக்கு வெளிச்சம் கூசுகிறது. ஆன்டி கிளேர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். 8,000 ரூபாய் எங்களுக்குச் சிறிய தொகை இல்லை. என்ன செய்யலாம்?

- வாசகி, வேலூர்

பதில்: சகோதரி, ஆன்டி கிளேர் உங்களுக்குப் போடுங்கள். மகனுக்கும் மாமியாருக்கும் இப்போது தேவையில்லை. புளூ கட் மூவருக்குமே வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கினால்தான் நியாயம் என்று நம் மனம் சொல்லும். தீபாவளித் துணிக்கு அது பொருந்தும். லென்ஸ் விஷயத்தில் யாருடைய கண் எந்த வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் பணத்தைப் பிரிக்க வேண்டும்.

இந்தக் கோட்டிங் கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதையோ என்ற சந்தேகம் பலருக்கு இருக்கிறது. அப்படி இல்லை. 1935-ல் ஜெர்மனியில் சைஸ் (Zeiss) என்ற லென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா இதற்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடியின் மேல் ஒளி அலையின் நீளத்தில் கால் பங்கு தடிமனுள்ள படலம் ஒன்றைப் படியவைத்தால், படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரும்பிப் போக வேண்டிய ஒளி லென்ஸைக் கடந்து உள்ளே வந்துவிடும். கேமரா, பைனாகுலர் லென்ஸ்களில் தேறிய பிறகுதான் இது மூக்குக் கண்ணாடிக்கு வந்தது. இன்றைய லென்ஸ்களில் ஒன்றுக்குப் பதில் பல படலங்கள் இருக்கின்றன.

உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்கும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம். உங்களுக்குச் சொன்ன 1.6 இன்டெக்ஸ் லென்ஸில் அது பக்கத்துக்கு 5.3 சதவீதம், மொத்தம் 10 சதவீதத்தைத் தாண்டும். இன்டெக்ஸ், அதாவது ஒளியை வளைக்கும் திறன், கூடக் கூட லென்ஸ் மெலியும், பிரதிபலிப்பும் கூடும். மெல்லிய லென்ஸை விற்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லும் கடைகள் குறைவு. நல்ல கோட்டிங் போட்ட லென்ஸில் 99 சதவீத ஒளி உள்ளே வந்துவிடும்.

பகலில் இந்தப் பத்து சதவீதத்தைக் கண் பொருட்படுத்தாது. இரவில்தான் தொல்லை. எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு உங்கள் லென்ஸின் இரண்டு பரப்புகளுக்கும் நடுவே மோதித் திரும்பி, உண்மையான விளக்குக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு விளக்கைக் காட்டும். சாலையைக் கடக்கும் ஆளையோ, பின்விளக்கு எரியாத டிராக்டரையோ பிரித்துப் பார்க்க வேண்டிய நொடியில் அந்தப் பொய் வெளிச்சம் குறுக்கே நிற்கும். அலுவலகத்தில் தலைக்குப் பின்னால் டியூப்லைட் இருந்தால், அது லென்ஸின் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குள் வரும். பகலெல்லாம் கணக்கு, இரவில் நெடுஞ்சாலை, மைனஸ் 4.50 பவர், 1.6 லென்ஸ்: இந்தக் கோட்டிங் யாருக்காவது பயன்படும் என்றால் அது உங்களுக்குத்தான்.

ஆனால் எதிரே வரும் முகப்பு விளக்கின் பிரகாசத்தை இது குறைக்காது. ஹை-பீமைத் தாழ்த்தாமல் வரும் வண்டி கோட்டிங் போட்டாலும் கண்ணைக் கூசவைக்கும். அதனால் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஹெல்மெட்டின் முன் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் கீறல் விழுந்திருந்தால் ஒளி சிதறி ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வட்டம் போடும். மூவாயிரம் ரூபாய் லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விசரை மாற்றுவது லென்ஸ் மாற்றுவதைவிட மிகவும் மலிவு. முதலில் அதைச் செய்யுங்கள்.

இப்போது கணக்கு. கோட்டிங்குக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 1,200 ரூபாய். இரண்டு ஆண்டு உழைத்தால் நாளொன்றுக்கு 1 ரூபாய் 64 காசு. தினமும் இரவில் நெடுஞ்சாலையில் வருபவருக்கு இது நியாயமான செலவு என்றே சொல்வேன். அதே கோட்டிங் எட்டே மாதத்தில் உரிந்துவிட்டால் நாளொன்றுக்கு 5 ரூபாய்; அதற்கு மேல் லென்ஸையே தூக்கிப் போட வேண்டிவரும், ஏனென்றால் உரிந்த கோட்டிங் வழியாகப் பார்ப்பது கோட்டிங்கே இல்லாத லென்ஸ் வழியாகப் பார்ப்பதைவிட மோசம். இந்தச் செலவு நல்லதா கெட்டதா என்பது அந்த இரண்டு ஆண்டைப் பொறுத்தது.

அந்த இரண்டு ஆண்டைக் கெடுக்கக்கூடியவை இரண்டு. முதலாவது, உங்கள் வயது. நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் குறையத் தொடங்கும். உங்களைப் போல மைனஸ் பவர் உள்ளவர்கள் அதைச் சட்டென்று உணர்வதில்லை. சிறிய எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார்கள். நீங்கள் ரசீது, பேரேடு பார்க்கும்போது அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறீர்களா? செய்தால், கடையில் உள்ள கணினி காட்டும் எண்ணை மட்டும் நம்பி லென்ஸ் ஆர்டர் கொடுக்காதீர்கள். கண் மருத்துவரிடமோ பார்வையைச் சோதிக்கும் தேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்டிடமோ கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகவே பயன்படும் புரோகிரசிவ் லென்ஸுக்கு மாற வேண்டியிருக்கும் என்றால் இன்று கொடுக்கும் 3,000 வீண். அப்படி ஒரு நிலை இருந்தால் இப்போதே அந்த லென்ஸுக்குச் சேமித்து, ஒரே முறையாகக் கோட்டிங்குடன் வாங்குவது மேல்.

இரண்டாவது, நம் ஊர் வெயில். கோட்டிங் மொத்தமும் ஒரு மைக்ரானுக்குக் குறைந்த தடிமன்தான். பிளாஸ்டிக் சூட்டில் விரியும் அளவுக்கு மேலே உள்ள கடினமான படலம் விரியாது. மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது, வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலோ காரின் முன்பலகையிலோ கண்ணாடியை வைத்தால், நாளடைவில் படலத்தில் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல் ஓடிவிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. வெந்நீரில் கழுவுவதும் கூடாது. தொழிற்சாலைத் தூசியோடு துப்பட்டா முனையில் உலர்வாகத் துடைப்பது படலத்தைத் தேய்த்துவிடும். குழாய்த் தண்ணீரில் தூசியை அலசிவிட்டு, ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவத்தில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். இந்தப் பழக்கம் வராது என்று தோன்றினால் கோட்டிங்குக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது மாமியாரைப் பற்றிய வரி. 68 வயதில், சில மாதங்களாகத்தான் வெளிச்சம் கூசுகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கி ஒளியைச் சிதறடிக்கும்போது, வெளியே மாட்டும் லென்ஸின் மேல் எந்தப் படலம் போட்டும் பயன் இல்லை. ‘சரியாகிவிடும்’ என்ற ஒரு சொல்லை நம்பி 1,400 ரூபாயும் அதைவிட முக்கியமாக ஓர் ஆண்டும் போய்விடக் கூடாது. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையையும் பார்த்தாக வேண்டும். ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. செலவு தாங்காது என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவைச் சிகிச்சை இலவசம். அறுவை செய்துகொண்டால் பவரே மாறிவிடும், இன்று வாங்கும் லென்ஸ் பெட்டிக்குள் போய்விடும். ஆகவே அவருக்கு எந்த லென்ஸுக்கும் ஆர்டர் கொடுக்காமல் முதலில் பரிசோதனை. எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், பேப்பர் படிக்க 600 ரூபாய் லென்ஸே தாராளம்.

மகனுக்கு வருவோம். இந்த வயதில் பவர் நிலையாக இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, தேவைப்பட்டால் மாற்ற வேண்டும். ஓராண்டே உழைக்கப் போகும் லென்ஸுக்கு இருமடங்குக்கு மேல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பந்து விளையாடுகிற பையன், கண்ணாடியைப் பென்சில் டப்பாவுக்குள் திணிக்கிற வயது. கையில் கூடுதலாக ஐந்நூறு, அறுநூறு இருந்தால் அதைப் பாலிகார்பனேட் லென்ஸுக்குக் கொடுங்கள். அடிபட்டால் எளிதில் உடையாது, புற ஊதாக் கதிரையும் தானே தடுத்துவிடும். அந்தப் பொருள் மென்மையானது, கீறல் விழும். கீறலைக் குறைக்கும் ஹார்டு கோட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், பள்ளியில் நடக்கும் கண் பரிசோதனை முகாமில் இலவசக் கண்ணாடி தருவார்களா என்று தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள்.

புளூ கட்டைப் பற்றி. கடையில் ஒரு நீல லேசர் பேனாவை லென்ஸ் வழியாக அட்டையில் அடித்து, ஒளி தடைபடுவதைக் காட்டுவார்கள். தடைபடுவது உண்மை. அதனால் கண்ணுக்கு நன்மை என்பது வேறு பேச்சு. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. கணினி பார்ப்பதால் வரும் கண் சோர்வை இந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அமைப்பும் கணினி வேலைக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. திரையிலிருந்து வரும் நீல ஒளியைவிடப் பகல் வெளிச்சத்தில் இருப்பது பல மடங்கு. கண் சோர்வுக்குக் காரணம் இமைக்காமல் நெருக்கத்தில் உற்றுப் பார்ப்பதுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் எதையாவது இருபது வினாடி பாருங்கள். அதற்குச் செலவு இல்லை. மூவருக்கும் புளூ கட்டுக்கு மட்டும் கேட்கப்படுவது 1,200, 800, 800 ஆக 2,800 ரூபாய். உங்கள் ஒருவரின் ஆன்டி கிளேரைப்போல இரண்டு மடங்குக்கு மேல்!

கோட்டிங் உங்களுக்கு மட்டும் என்றால் 3,000, 700, 600 ஆக 4,300 ரூபாய். மகனுக்குப் பாலிகார்பனேட் எடுத்தாலும் ஐயாயிரத்துக்குள் முடியும். 7,999 என்ற சலுகை விலை, தேவையில்லாத ஐந்து பொருளை உள்ளே வைத்துத் தரும் 701 ரூபாய் தள்ளுபடி. தவணையும் வேண்டாம். வட்டி இல்லை என்று சொன்னாலும் பரிசீலனைக் கட்டணம் 200 ரூபாய் இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 236 ஆகும். மாமியாரின் கண்ணாடியைத் தள்ளிப்போடுவதால் இந்த மாதம் உங்களுக்கும் மகனுக்கும் மட்டும்தான் செலவு, கைப்பணத்திலேயே முடித்துவிடலாம். பொதுவான மருத்துவக் காப்பீட்டில் மூக்குக் கண்ணாடிக்குப் பணம் வராது என்பதால் அதை நம்பி எதையும் கூட்டி வாங்காதீர்கள்.

கடையில் லென்ஸை வாங்கும்போது டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடியுங்கள். கோட்டிங் இல்லாத லென்ஸில் விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ஆன்டி கிளேர் உள்ளதில் மங்கலாக, பெரும்பாலும் பச்சை நிறத்தில் தெரியும். இரண்டு பக்கத்திலும் அப்படித் தெரிகிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒரு கோட்டிங் சொல்லி வேறொன்று வருவதும் உண்டு. லென்ஸ் வந்த உறையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் லென்ஸுக்கும் ஃபிரேமுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேளுங்கள். துண்டுச் சீட்டு போதாது. லென்ஸின் பெயர், இன்டெக்ஸ், கோட்டிங், எத்தனை மாத வாரண்டி, உரிதலும் விரிசலும் அதில் அடங்குமா என்பதெல்லாம் பில்லிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓராண்டாவது வாரண்டி எழுதித் தர மறுக்கும் கடையில் அந்த 1,200 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். அதே தெருவில் வேறு கடைகள் இருக்கின்றன. வாரண்டிக் காலத்தில் உரிந்தும் மாற்றித் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முறையிடலாம், அதற்கும் அந்த பில்தான் கேட்பார்கள்.