"கேஸ் ட்ரபிள்தான் சார்"

வணக்கம் டாக்டர் சார்,
பெங்களூர்ல வேலை பாக்குறேன். போன வாரம் பார்ட்டியில என் ரூம்மேட் கொக்கைன் எடுத்தான், நல்லா குடிச்சும் இருந்தான். கொஞ்ச நேரத்துல நெஞ்ச புடிச்சிட்டு உக்காந்துட்டான், வேர்த்து கொட்டுச்சு. போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு போகல, விடிஞ்சதும் சரியாயிட்டான். 26 வயசு, டெய்லி ஜிம். இவனுக்கெல்லாம் ஹார்ட் அட்டாக் வருமா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,
வரும். அன்னிக்கே கூட வந்திருக்கலாம், ஈசிஜி எடுக்காம சரியாயிட்டான்னு சொல்லவே முடியாது, இன்னிக்கே கூட்டிட்டு போங்க. அமெரிக்காவுல லென் பயஸ்னு ஒரு பாஸ்கெட்பால் வீரர், 1986 ஜூன் 17 அன்னிக்கு பாஸ்டன் செல்டிக்ஸ் டீம் அவர எடுத்தாங்க, 19ம் தேதி காலைல ஆள் இல்ல. 22 வயசு. கொக்கைன் இதயத் துடிப்பையே கலைச்சிருச்சு.

இது ரத்தக்குழாய இறுக்கிட்டு அதே நேரத்துல இதயத்த தாறுமாறா ஓட வைக்கும், ரத்தத்தயும் உறைய வைக்கும். சாராயம் சேர்ந்தா ஈரல்ல கோகாஎத்திலீன்னு ஒண்ணு உருவாகி இன்னும் நேரம் நிக்கும்.

கேஷுவால்டில நான் பாத்த ஒரு பையன சொல்றேன். வேர்வையில ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டவே இல்ல, துடைச்சு துடைச்சு ஒட்டுறோம், கூட வந்தவன் "பிரியாணி சாப்ட்டான், கேஸ் ட்ரபிள்தான் சார்"னு அதையே சொல்றான். துடிப்பு 150, பிரஷரும் ஏறி நிக்குது, துடிப்பையும் பிரஷரையும் எறக்குற பீட்டா பிளாக்கர் ஊசிய கையில எடுத்துட்டேன். அதுக்குள்ள நர்ஸ் அக்கா கூட வந்தவன ஓரமா கூட்டிட்டு போய் கேட்டாங்க, அழுதுட்டே உண்மைய சொன்னான். கொக்கைன் உள்ள இருக்கறப்ப அந்த ஊசி போட்டா ரத்தக்குழாய் இன்னும் இறுகலாம், அதனால அத கீழ வச்சிட்டு, படபடப்ப அடக்குற லோராசிபாம் போட்டோம், ஆஸ்பிரின், நாக்குக்கு அடியில ரத்தக்குழாய விரிக்கிற நைட்ரேட். அரை மணில துடிப்பு எறங்குச்சு. இன்னும் ஒரு நிமிஷம் அவன் பிரியாணின்னே சொல்லிட்டு இருந்திருந்தா?

கொக்கைனுக்குன்னு முறிவு மருந்து கிடையாது தம்பி, அதனால எப்ப எடுத்தான், எவ்ளோ, கூட என்னன்னு நீங்க சொல்றதுதான் எங்களுக்கு வழி. வலிப்பு வந்தாலோ உடம்பு அனலா கொதிச்சாலோ உடனே 108 கூப்பிடுங்க, வர்ற வரைக்கும் சட்டைய கழட்டி ஈரத்துணி, ஐஸ், ஃபேன். அமுக்கி புடிக்காதீங்க, சூடு இன்னும் ஏறும்.

போலீஸ் பயம் புரியுது. அடிமையானவங்க தானா சிகிச்சைக்கு வந்தா பாதுகாப்பு குடுக்க போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ பிரிவு இருக்கு, ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க, ஆனா ஆஸ்பத்திரிக்கு போயிட்டு அப்புறம் கேளுங்க. ஈசிஜில என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.