பலம் 35 கிராமா, 48 கிராமா?

மருந்துச் சரக்குகளின் பழைய எடையளவுகளைக் கிராமுக்கும் மில்லி லிட்டருக்கும் மாற்றுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

தாத்தாவின் கைப்பிரதியில் சரக்குகள் எல்லாம் பலம், வராகனெடைக் கணக்கில் இருக்கின்றன. ஒரு புத்தகம் பலம் 35 கிராம் என்கிறது, இன்னொன்று 48 என்கிறது. 42 என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதை எடுப்பது?
– வாசகர், கும்பகோணம்

கைப்பிரதி சித்த முறையா, ஆயுர்வேத முறையா என்பதை முதலில் பாருங்கள். இரண்டிலும் 'பலம்' உண்டு, ஆனால் எடை ஒன்றல்ல. ஆயுர்வேதத்தில் கர்ஷம் 12 கிராம், 4 கர்ஷம் ஒரு பலம், ஆக 48 கிராம். சித்த மருந்துகளுக்கு அரசு வெளியிட்ட சித்த ஃபார்முலரியில், அதாவது மருந்துச் செய்முறைத் தொகுப்பில், பலம் 35 கிராம். நூறு பலம் ஒரு துலாம் என்று போகும்போது ஒன்று 4.8 கிலோ, மற்றது 3.5 கிலோ.

இந்த 35 சென்னை மாகாணக் கடைத்தெரு எடையோடு ஒத்துப்போவது. 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. தோலா 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். மும்மடங்காக்கினால் 35 கிராமுக்கு மயிரிழைதான் குறையும். வீசை 1,400 கிராம்.

42 என்பவர்களும் கற்பனையாகச் சொல்லவில்லை. அவர்கள் கீழிருந்து ஏறி வருகிறார்கள். 32 குன்றிமணி ஒரு வராகனெடை, 10 வராகனெடை ஒரு பலம் என்பது பழைய வாய்பாடு. குன்றிமணி 130 மி.கி. என்றால் வராகனெடை 4.16 கிராம். அட்டவணைகளில் 4.2 என்று இருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் 42. மேலிருந்து இறங்கினால் 35, கீழிருந்து ஏறினால் 42. வாய்பாடாகச் சொல்லும்போது இனிக்கிறது, தராசில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு இடிக்கிறது.

செய்முறை முழுவதும் பலத்திலேயே இருந்தால் இந்தச் சண்டையால் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. மொத்த மருந்து கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். பலமும் வராகனெடையும் ஒரே செய்முறையில் கலந்து வரும்போதுதான் கவனம் வேண்டும். 'சுக்கு 5 பலம், இந்துப்பு 5 வராகனெடை' என்றால் எழுதியவர் மனதில் இருந்தது பத்துக்கு ஒன்று. இன்றைய அட்டவணைப்படி நிறுத்தால் 175 கிராமுக்கு 21 கிராம், அதாவது சுமார் எட்டேகாலுக்கு ஒன்று. இந்துப்பு கொஞ்சம் கூடினால் யாருக்கும் கேடில்லை. அந்த இடத்தில் சுத்தி செய்த லிங்கமோ (பாதரசத் தாது) சேராங்கொட்டையோ போன்ற நச்சுச் சரக்கு இருந்தால் அப்படி விட முடியாது. அத்தகைய சரக்கு உள்ள செய்முறையைக் கைப்பிரதியை மட்டும் நம்பிச் செய்யவே வேண்டாம். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றவற்றுக்கு ஒரு அட்டவணையை எடுத்தால் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். தோலாவை முழு எண்ணாக்கி 12 கிராம் என்று போடும் வழக்கமும் இருக்கிறது. அந்த 12-ஐயும் பலம் 35-ஐயும் ஒரே தாளில் கலந்தால் மூன்று தோலா 36 ஆகிவிடும். தாளின் தலைப்பிலேயே 'பலம் = 35 கிராம், வராகனெடை = 4.2 கிராம்' என்று எழுதிவிட்டால் அடுத்து நிறுப்பவரும் அதையே பிடித்துக்கொள்வார்.

'ரூபாய் எடை' என்று வந்தால் அது பழைய வெள்ளி ரூபாய், ஒரு தோலா. இப்போது அச்சாகும் ரூபாய் நாணயம் அதில் பாதிகூட இல்லை. அதைத் தராசுத் தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

அமுக்கரா சூரணம் வீட்டில் செய்ய வேண்டும். கிராம்பு ஒரு பங்கு என்று தொடங்கி ஒவ்வொன்றும் இரட்டிப்பாகப் போகிறது. கிராமில் எவ்வளவு?
– வாசகி, திண்டுக்கல்

பங்குக் கணக்கில் சொன்ன மருந்துக்கு எடை மாற்றமே தேவையில்லை. ஒரு பங்கு எத்தனை கிராம் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். 4 கிராம் என்று வைத்தால் கிராம்பு 4, சிறுநாகப்பூ 8, ஏலம் 16, மிளகு 32, திப்பிலி 64, சுக்கு 128, அமுக்கராக் கிழங்கு 256, சர்க்கரை 512. மொத்தம் 1,020 கிராம்.

தவறு நடப்பது எதை நிறுக்கிறோம் என்பதில். ஏலம் என்றால் தோல் நீக்கிய ஏலரிசி. சுக்கு மேல்தோல் சீவியது. கடையில் வாங்கியபடியே நிறுத்துவிட்டு அப்புறம் தோலை எடுத்தால் பங்கு குலைந்துவிடும். சலிக்கும்போது திப்பி தங்குவதும் ஒவ்வொரு சரக்குக்கும் வேறு வேறு. அமுக்கராவில் நார் அதிகம் நிற்கும், மிளகில் அவ்வளவு இராது. ஆகவே ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, தனித்தனியே இடித்து, வஸ்திரகாயம் செய்து (துணியில் சலித்து), வந்த தூளை நிறுத்துக் கலப்பதே சரி. தேவையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சரக்கு வாங்கிக்கொண்டால் தூள் குறையாது.

சமையலறைத் தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும். 4 கிராம் கிராம்பில் ஒரு கிராம் பிசகினால் கால்வாசி போயிற்று. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். இல்லையென்றால் கிராம்பையும் சிறுநாகப்பூவையும் தெரிந்த நகைக்கடையில் நிறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இதில் சரிபாதி சர்க்கரை. 2 கிராம் சூரணம் சாப்பிட்டால் ஒரு கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. சர்க்கரை நோயாளிக்குக் கொடுப்பதானால் மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

"நான்கு படி நீர் விட்டு எட்டொன்றாய்க் காய்ச்சு" என்று இருக்கிறது. வீட்டில் பாட்டியின் பித்தளைப் படி இருக்கிறது. அதில் அளந்தால் போதுமா?
– வாசகர், காரைக்குடி

மருந்துக் கணக்கில் ஆழாக்கு 168 மி.லி., உழக்கு 336, உரி 672, படி 1,344. உங்கள் படி அந்தப் படிதானா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் பெரிய படி, சின்னப் படி என்று புழங்கிய நாடு இது. வெறும் படியைத் தராசில் வையுங்கள். விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி மறுபடி வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிராமோ, கிட்டத்தட்ட அத்தனை மில்லி லிட்டர். 1,344-க்கு மிகவும் விலகினால் அந்தப் படியை அரிசிக்கு வைத்துக்கொண்டு, மருந்துக்கு மில்லி லிட்டர் கோடு போட்ட ஜாடியை எடுங்கள்.

நான்கு படி 5,376 மி.லி., எட்டில் ஒன்று 672, அதாவது ஓர் உரி. பாத்திரத்தில் முதலில் எட்டில் ஒரு பங்கு நீரை ஊற்றி, குச்சியை நட்டு ஈர மட்டத்தில் கோடு போட்டுக்கொண்டு, பிறகு மீதி நீரைச் சேர்ப்பது பழைய வழி. நல்ல வழிதான், ஒரே ஒரு ஓட்டை. சரக்கு போட்டதும் அது ஊறிப் பருத்து மட்டத்தை உயர்த்தும். குச்சிக் கோட்டுக்கு வந்துவிட்டது என்று இறக்கி வடித்தால் கையில் கிடைப்பது கணக்கைவிடக் குறைவு, மருந்தோ அந்த அளவுக்குக் கெட்டி. கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலேயே இறக்கி, வடித்து, பிழிந்து, ஜாடியில் அளந்து பாருங்கள். கூடுதலாக இருந்தால் வடித்த நீரை மட்டும் சிறுதீயில் வற்றவிடலாம்.

குறுணி வரும் இடத்தில் நின்று யோசியுங்கள். பள்ளி வாய்பாட்டில் 8 நாழி ஒரு குறுணி; நாழி என்பது படிதான். சித்த மருந்து அட்டவணையில் குறுணி 5.3 லிட்டர், அது 4 நாழிதான். வாய்பாட்டை நம்பி ஊற்றினால் நீர் இரண்டு மடங்காகிவிடும்.

உழக்குத் தேனை 336 கிராம் என்று எடுக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

கூடாது. உழக்கு முகத்தல் அளவு. 336 மி.லி. தேன் ஏறக்குறைய 470 கிராம் நிற்கும். அதே உழக்கு நெய் 306 கிராம்தான். லேகியத்துக்குத் தேனைக் கிராமில் 336 என்று ஊற்றினால் கால் பங்குக்கு மேல் குறைந்து, லேகியம் இறுகிக் கரண்டியில் ஏறாது.

பற்பம் 'குன்றிமணி அளவு', சூரணம் 'வெருகடி' என்று மருத்துவர் எழுதித் தருகிறார். கடையில் எப்படிக் கட்டிக் கொடுப்பது? குன்றிமணியையே படிக்கல்லாக வைக்கலாமா?
– நாட்டு மருந்துக் கடைக்காரர், ராஜபாளையம்

குன்றிமணி என்று சொன்னால் எடை, உருவம் அல்ல. மணி அளவுக்குக் கண்மதிப்பில் பற்பம் (புடமிட்ட நீற்று மருந்து) எடுத்தால் அது புகைபோல லேசானதால் எடை மிகவும் குறையும். செந்தூரமானால் கனம், கூடிவிடும். விதைக்கு விதை எடையும் வேறுபடும். தவிர, அது நச்சு விதை, சிறுபிள்ளைகள் வந்து போகும் கடையில் மேசைமேல் இருக்கவே கூடாது. 130 மி.கி. என்று எடுத்து மின்னணுத் தராசில் நிறுங்கள்.

130 மி.கி.யை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனியே நிறுப்பது சிரமம். மருத்துவர் பற்பத்தைத் திரிகடுகு சூரணத்தோடு கொடுக்கச் சொல்லியிருந்தால் இப்படிச் செய்யலாம். 10 வேளைக்குப் பற்பம் 1.3 கிராம், சூரணம் 3.7 கிராம், மொத்தம் 5 கிராம். கல்வத்தில் (மருந்து அரைக்கும் கல்லில்) பற்பத்தைப் போட்டு, அதே அளவு சூரணத்தை மட்டும் சேர்த்து அரையுங்கள். நிறம் ஒன்றானதும் மீதி 2.4 கிராம் சூரணத்தையும் சேர்த்து அரையுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டிக் கிளறினால் பற்பம் வெள்ளைத் திட்டாகவே நின்று, ஒரு பொட்டலத்தில் இரண்டு வேளை மருந்தும் அடுத்ததில் ஒன்றுமில்லாமலும் போகும். பிறகு 500 மி.கி. வீதம் பத்துப் பொட்டலம்.

வெருகு என்றால் காட்டுப்பூனை. அதன் அடியளவு, ஐந்து விரல் நுனியும் கூட்டி அள்ளுவது வெருகடி. பெருவிரலோடு இரண்டு விரல் மட்டும் சேர்த்தால் திரிகடி. உங்கள் வெருகடியும் நோயாளியின் வெருகடியும் ஒன்றாக இருக்க முடியாது. எழுதியவரிடமே எத்தனை கிராம் என்று கேட்டு உறைமேல் எழுதிவிடுங்கள். எழுதும்போது '.13 கி' வேண்டாம். புள்ளி மங்கினால் 13 ஆகிவிடும். '130 மி.கி.' என்றே எழுதுங்கள்.

பழைய கம்பவுண்டர் நோட்டில் '5 கிரெயின்', '1 டிராம்' என்றெல்லாம் இருக்கிறது.
– மருந்தாளுநர், மதுரை

கிரெயின் 64.8 மி.கி., டிராம் 60 கிரெயின், 3.9 கிராம். 5 கிரெயின் 324 மி.கி. அமெரிக்காவில் ஆஸ்பிரின் 325 மி.கி. என்ற விசித்திர எண்ணில் இருப்பது இதனால்தான். நீர்ம டிராம் வேறு, அது சுமார் 3.6 மி.லி. ஹோமியோபதிக் கடைகளில் '2 டிராம் குப்பி' என்று இன்றும் கேட்பது இந்தக் கொள்ளளவு.

நோட்டில் 'கி' என்று மட்டும் சுருக்கி எழுதியிருந்தால் அந்த வரியைத் தொடாதீர்கள். பீனோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்து அரைக் கிரெயின் என்றால் சுமார் 30 மி.கி. அதை அரைக் கிராம் என்று படித்தால் 500 மி.கி., பதினாறு மடங்குக்கும் மேல்.